ஒரு கண்ணுக்கு மட்டும் மங்கிய சிவப்பு

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் அந்தப் பட்டறையில் எல்லோரும் அவரைக் கலர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடிபட்ட கதவுக்கு, மற்ற கதவுகளோடு ஒட்டிப்போகிற நிறத்தைக் இடது கண்ணைச் சுருக்கி, வலது கண்ணால் பார்த்தே கலந்துவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. சைனஸ் தலைவலிதான் தீராத தொல்லை. உப்புக்காகிதத் தூசியிலும் தின்னர் நெடியிலும் நிற்பவனுக்கு இது சகஜம் என்று விட்டுவிட்டார்.

திடீரென்று ஒரே மாதத்தில் மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. மூன்றும் சிவப்பு. புதுக் கதவு தனியாகப் பல்லிளித்தது.

மாஸ்டரின் சந்தேகம் நேரே மைத்துனன் மேல் போய் விழுந்தது. அவர் கலந்து வைப்பதை ஸ்பிரே அடிப்பவன் அவன்தான். "டின்னுல யாரோ கை வைக்கிறாங்க" என்று ஜாடை பேசினார். டின்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூடி விளிம்பில் ஒரு தலைமுடியை ஒட்டி அடையாளம் வைத்தார். முடி அசையவே இல்லை.

"பாத்துட்டுத் திரும்ப ஒட்டியிருப்பான், கில்லாடி" என்றார் மனைவியிடம்.

அது மைத்துனன் காதுக்குப் போனது. ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தான். "அக்கா முகத்துக்காகத்தான் மாமா இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன்." மறுநாளே வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

அவன் போன பிறகும் நான்காவது வண்டி திரும்பி வந்தது.

மனைவிதான் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டரம்மா ஒவ்வொரு கண்ணாகப் பொத்தச் சொல்லி, மருந்து பாட்டிலின் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டினார். இடது கண்ணுக்கு அது ரத்தச் சிவப்பு. வலது கண்ணுக்குச் செங்கல் நிறம்.

"ரெண்டு மூடி வச்சிருக்கீங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மூடியை அவர் கையிலேயே கொடுத்தார். மாஸ்டர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு கண்களை மாற்றி மாற்றி மூடினார். வலது கண்ணுக்கு மறுபடியும் செங்கல்தான்.

"மூக்கடைப்பு, தலைவலி எத்தனை வருஷமா?"

"கண்ணைக் காட்ட வந்தா மூக்கைக் கேக்குறீங்களே! மூக்கு டாக்டர்கிட்ட அனுப்புனா கமிஷனா?"

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"முதல்ல ஸ்கேன் எடுங்க. அப்புறம் திட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

ஸ்கேனில் தெரிந்தது. மூக்குக்குப் பின்னால், எலும்புக்குள் இருக்கும் சைனஸ் காற்றறை ஒன்றின் வாய் அடைத்து, சளி தேங்கி உப்பி, பக்கத்தில் போகிற கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"எல்லா சைனஸும் கண்ணுக்குப் போகாது" என்றார் மூக்கு டாக்டர். "உங்களுக்குப் போயிருக்கு. தள்ளிப் போட்டா பார்வையே போயிடலாம்."

மூக்கு வழியாகவே அறுவை சிகிச்சை செய்து சளியை வெளியேற்றினார்கள். சில வாரங்களில் சிவப்பு மெல்லத் திரும்பியது, முழுதாக அல்ல.

பிறகு மாஸ்டர் மைத்துனனின் புதுப் பட்டறைக்குப் போனார். அவன் முகமூடியைக்கூடக் கழற்றவில்லை. "எதுக்கு வந்தீங்க? அக்கா அனுப்புச்சா?"

"அவளுக்கு நான் வந்ததே தெரியாது. கோளாறு என் கண்ணுல இருந்திருக்கு, மாப்ள. உன்னை அநியாயமா பேசிட்டேன்."

அவன் நம்பினானா என்று தெரியவில்லை. ஸ்பிரே கன்னை எடுத்து வேலையைத் தொடர்ந்தான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அன்று முழுக்க அக்காவிடம் மட்டும்தான் பேசினான்.