ஈப்போவில் ஒரு ஜப்பான் மங்கு

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, குடையிருந்தும் பாதி நனைந்து, ஈப்போ ரயிலில் ஏறினேன். ஐம்பது மைல் சொச்சம். ஈப்போவில் போட்டோக்கடை வைத்திருந்த ஜப்பான்காரர் கடையை மூடிவிட்டு ஊருக்குக் கப்பலேறுகிறார். எங்கள் கல்யாணப் படத்தின் கண்ணாடித் தகட்டை வந்து வாங்கிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். ஆபீசில் அதைத்தான் காரணம் சொன்னேன். உண்மையில் நான் போனது அவருடைய தேநீர்க் கிண்ணத்துக்காக, அந்த மங்குக்காக.

எட்டு வருஷத்துக்கு முன், ஐரோப்பியச் சண்டை ஓய்ந்த மறு வருஷம், எனக்கும் செல்லம்மாவுக்கும் கல்யாணம். படம் பிடித்து முடித்ததும் அவர் ஒரு கறுப்பு மண் மங்கில் பச்சைத் தேநீரைக் கெட்டியாகக் கலக்கி நீட்டினார். இருவருக்கும் ஒரே மங்கு. அவர்கள் ஊர் மரியாதையாம். எனக்கு உள்ளூரப் பயம். "நீ முதல்ல குடி," என்று அவளிடம் தள்ளிவிட்டேன். புது மாப்பிள்ளையின் வீரம் அவ்வளவுதான்.

"ரப்பர் மரத்துல கட்டுற பால் மங்கு மாதிரியே இருக்குங்க," என்று சிரித்தவள், வாய் வைத்துப் பாதி குடித்தாள். "நல்லாத்தான் இருக்கு. குடிங்க."

பெண்டாட்டி எச்சிலை, அதுவும் அந்நியர் முன்னால் குடிப்பதா? வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் முகம் வாடிப்போயிற்று. போன ஐப்பசியில் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண் பேச்சுக் கொடுத்தாள். "தனியாவா போறீங்கண்ணே? வீட்டுல அண்ணியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்லா."

"அடுத்த தடவ கூட்டிட்டு வாரேன்," என்று பொய் சொன்னேன். அவள் செமோரில் இறங்கினாள். தஞ்சோங் ரம்புத்தானும் கடந்தது.

ஈப்போவில் ரிக்‌ஷாவுக்குப் பதினைந்து காசு. கடை காலியாக இருந்தது. ஜப்பான்காரர் தகட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, மனைவி சௌக்கியமா என்று மலாயில் கேட்டார். அவள் இப்போது இல்லை என்றேன். பிறகு வெட்கத்தை விட்டு அந்த மங்கைக் கேட்டேன். அது பெட்டிக்குள் போய், ஆணியும் அடித்தாயிற்று. அவர் குறட்டால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

தேநீர் வந்தது. அவள் வாய் வைத்த இடம் எது? எட்டு வருஷத்துக்குப் பின் எப்படித் தெரியும்! மங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விளிம்பு முழுவதும் வாய் வைத்துக் குடித்தேன். வேப்பங்கொழுந்துக் கசப்பு. இதையா முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று நீட்டினாள்!

மூன்று மணி ரயிலில் திரும்பினேன். தைப்பிங் வந்து சேரும் வரை நான் தண்ணீர் குடிக்கவில்லை.