ஏழுமலை அண்ணன் தலைமாட்டில் ஒரு குவார்ட்டர்

ஏழுமலை அண்ணன் நேற்று காலை போய்விட்டார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

முதலியார்பேட்டையில் பிராந்திக் கடை வாசலில் ஆட்டுக்குடல் போட்டி வறுவலும் அவித்த முட்டையும் விற்பாரே, அவர்தான்.

மாரடைப்பு என்று மறுபடியும் சொல்கிறேன். ஏனென்றால் நேற்று மத்தியானமே நம் ஏரியா குரூப்பில் ஒரு மேதாவி, "குடிக்கு இன்னொரு பலி" என்று அவர் போட்டோவைப் போட்டுவிட்டான். கீழே வரிசையாக அழுகிற எமோஜி.

அங்கே உபதேசம் எழுதியவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். ஒரு கையில் பிளாஸ்டிக் டம்ளரோடு, இன்னொரு கையால் அவரிடம் போட்டி வாங்கித் தின்ற உத்தமர்கள்.

அந்த மனுஷன் குடியைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

குடியை விட நினைப்பவர்கள் வாரா வாரம் கூடிப் பேசும் மீட்டிங் ஒன்று இந்த ஊரில் நடக்கிறது. திரும்பின பக்கமெல்லாம் பாருக்கு லைட் போட்ட போர்டு வைத்திருக்கும் நம் அழகான ஊரில், இதற்கு மட்டும் ஓர் அட்டைகூடக் கிடையாது. வருகிறவன் யார் என்று வெளியே தெரியக் கூடாது அல்லவா...

முட்டை வாங்குகிற கை நடுங்கினால் அண்ணன் பார்த்து வைத்துக்கொள்வார். பொட்டலம் மடிக்கும்போது மெதுவாகச் சொல்வார். என்னிடமும் அப்படித்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சர்ச் காம்பவுண்டு.

எந்த ரூம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை போய், ஆள் தெரிந்த முதல் ரூமில் உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். மனைவிமாரும் கூட வருவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்... ஒரு சிஸ்டர் வந்து போர்டில் 'தாம்பத்தியம்' என்று எழுதினார்.

கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கான வகுப்பு அது. நடுவில் நான், பெண்ணுக்கு வரன் பார்க்கிற வயதில், வாயில் பிராந்தி நெடியை மறைக்கப் போட்ட பாக்கு வாசனையோடு.

என்னைத் தேடிக்கொண்டு வந்த அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "சார், உங்க வியாதிக்கு ரூம் இது இல்ல. பின்னாடி வாங்க."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக எழுந்ததில்லை. ஆனால் பின்னாடி போனேன். அடுத்த வாரமும் போனேன். இன்றுவரை போகிறேன்.

எங்கள் மீட்டிங் ஆட்களே அவரோடு சண்டை போட்டிருக்கிறார்கள். பிராந்திக் கடை வாசலில் எதற்கு நிற்கிறீர்கள், வேறு இடம் பார்க்கக் கூடாதா என்று.

"நம்மாளு வேற எங்க வருவான்?" என்பார்.

இன்று அவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் ரூம் ஆட்கள் நாலைந்து பேர், தனித்தனியாக, ஒருவரையொருவர் தெரியாத மாதிரி. வெளியே பார்த்தால் அப்படித்தான் இருப்போம்.

காரியம் செய்ய அவர் தம்பி வந்திருந்தார். அண்ணி சாவுக்கு வந்தவர். அதற்கப்புறம் பக்கத்திலிருக்கும் அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வர அவருக்கு நேரமே கிடைக்கவில்லை, பாவம். அன்றைக்குப் பார்த்த குடிகார அண்ணன்தான் இன்னும் அவர் மனதில்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம்... பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. மூடியைத் திறந்து, டம்ளரோடு. செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்கிறார்களாம்.

எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாயைத் திறந்தால் நீ யார் என்று கேட்பார்கள். அவர்களுக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. அவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாட்டிலை எடுக்கச் சொன்னேன்.

"எங்கண்ணன் அது இல்லாம இருந்ததே இல்ல சார். நீங்க யாரு, இன்னா பழக்கம்?" என்றார் தம்பி.

"என் பேரு பாஸ்கரன். நான் குடிநோயாளி. எனக்குக் குடிய வுட வழி காட்டுனதே உங்க அண்ணன்தான். அவரு அதத் தொட்டு பல வருசம் ஆச்சு."

பந்தல் முழுக்கத் திரும்பியது. மேளக்காரர்கூடக் குச்சியை நிறுத்திவிட்டார்.

தம்பி பாட்டிலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனார். கொட்டிவிட்டு வருவார் என்று நம்பினேன்... எங்கே கொட்டினார் என்பது திரும்பி வந்த நடையிலேயே தெரிந்தது. அண்ணன் மேல் அவ்வளவு பாசம்.

என் ஆபீஸ்காரர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டார், அந்த குரூப்பின் அட்மின்... எல்லோரும் இதைப் படிப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபார்வர்டு பண்ணுவீர்கள். தாராளமாகப் பண்ணுங்கள். அவரைப் பற்றி எழுதிய அந்தக் குப்பையை மட்டும் அழித்துவிடுங்கள்.

நாளை வெள்ளிக்கிழமை. வாரா வாரம் அவர் திறக்கிற மீட்டிங் ரூமின் சாவி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

நாளைக்கு நாற்காலி எல்லாம் நான் எடுத்துப் போடுறேன் அண்ணே. நீங்க படுங்க.