உயிரோடிருந்த தங்கைக்கு வந்த இரங்கல்கள்

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் யாராவது இறந்துவிட்டால், முதலில் அந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். ஆன்மா வெளியே போக வழி வேண்டுமாம். பனிக்காலக் காலையில் தாழ்வாரத்தில் போகும்போது, சாத்திய கதவின் அடியிலிருந்து குளிர்காற்று வந்து கணுக்காலைத் தொட்டால் விஷயம் புரிந்துவிடும். எங்கள் மாதனூரில் சாவு என்றால் முதலில் மேளச் சத்தம் வரும், பிறகு பெயர் வரும். இங்கே சாவு காலில்தான் தெரிகிறது.

அப்படியொரு காற்றைத் தாண்டி மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, பிராங்க்பர்ட்டில் இருக்கும் ஆம்பூர்க்காரர் ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். “தங்கச்சி விஷயம் பார்த்தேன். மனசைத் தேத்திக்கோங்க.” கூடவே ஒரு வீடியோ. என் தங்கை சுகந்தியின் முகம், அதைச் சுற்றி மாலை, முன்னால் எரியும் விளக்கு, சோகப் பாட்டு. கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’.

எதிரே இருந்த, கூட வேலை பார்க்கும் மோனிகா என்ன என்று கேட்டாள். “ஷ்வெஸ்டர் இறந்துவிட்டாளாம்” என்றேன். இந்த மொழியில் உடன்பிறந்தவளுக்கும் நர்ஸுக்கும் ஒரே சொல். “எந்த ஷ்வெஸ்டர்? நம்ம மாடியா?” என்று பதறியவள், நான் கைபேசியைக் காட்டியதும் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். “மூடுங்க, மூடுங்க” என்று தமிழில் கத்தினேன். துக்கத்தில் அரற்றுகிறேன் என்று நினைத்து இன்னும் அகலமாகத் திறந்தாள்.

அம்மா போனை எடுக்கவில்லை. சுகந்தியின் எண்ணை அழைத்தேன்.

“சொல்லுக்கா” என்றாள் சுகந்தி.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவளே மெல்லப் பேசினாள். “நீயும் பாத்துட்டியா? யாரோ போட்டுட்டாங்க. எவ்ளோ பேரு அழறாங்க பாருக்கா. ஸ்கூல்ல எங்கூடப் பேசாதவகூட எழுதியிருக்கா.”

“நான் உயிரோடதான் இருக்கேன்னு நீ போட்டியா?”

“இன்னும் போடல” என்றாள். “கொஞ்சம் இருக்கட்டும்.”

சுகந்தி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். ஸ்கூட்டர் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, வேலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தோம். படுத்தே கிடப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று கைபேசி வாங்கி அனுப்பினேன். முதலில் சிரித்தபடி வீடியோ போட்டாள். கால்விரல் அசைந்த நாளில் அதையும் போட்டாள். பார்த்தவர்கள் கம்மி. ஒருநாள் வலி தாங்காமல் அழுததைப் போட்டாள். கைபேசி ஓயாமல் அதிர்ந்ததாம். அதன் பிறகு அழுகைதான். அங்கே உடற்பயிற்சி கொடுக்கும் நஸ்ரீன் ஒருமுறை என்னிடம், “கம்பியைப் பிடிச்சு நல்லா நிக்கிறாங்க. போன் எதிர்ல இருந்தா மட்டும் காலு தொய்ஞ்சிடுது. நடிக்கலங்க, நெஜமாவே தொய்ஞ்சிடுது” என்று சொல்லியிருந்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடுப்பு வாங்கிக்கொண்டு ஊருக்குப் பறந்தேன். வார்டில் சுகந்தி கண்ணை மூடி, நெஞ்சின்மேல் கைபேசியை வைத்து, அசையாமல் கிடந்தாள். இரண்டு வாய்க்குமேல் சாப்பிடுவதில்லை என்றாள் அம்மா. “பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்ப மாட்டேன்றா. அந்த அழுவுறவங்க எழுதினதப் படிச்சா மட்டும் கண்ணத் தொறக்கறா.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உயிரோடிருப்பதை எதற்காக மறைக்கிறாய் என்று கேட்டேன். “எழுந்து நின்னுட்டா இவங்கல்லாம் போயிடுவாங்கக்கா” என்றாள். குரலில் வருத்தமே இல்லை.

நான் கெஞ்சிய பிறகு, ‘நான் சாகல, சுகந்திதான் பேசறேன்’ என்று ஒரு வீடியோ போட்டாள். அழுதவர்களே திட்டினார்கள். நாடகம் என்றார்கள். அதைவிட மோசம், பலர் அவளை அவளென்றே நம்பவில்லை. ‘யார் நீ? செத்துப்போன சுகந்தி பெயரில் ஏன் வருகிறாய்? வெளியே போ’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். சுகந்தி அதை எனக்குப் படித்துக்காட்டிவிட்டு, “நான் நான்தான்னு இவங்களுக்கு எப்டிக்கா காட்றது?” என்றாள். பிறகு தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கைபேசியைப் பிடுங்கி உடைத்துவிடலாம் என்று எனக்கு ஆத்திரம். நஸ்ரீன்தான் தடுத்தாள். “புடுங்கினா ஜாஸ்தி பேஜாராயிடுவாங்க. கொஞ்சம் கொஞ்சமா வெலக்குவோம்.” மனநல மருத்துவர் வந்து தினமும் அவளோடு பேசினார். பயிற்சி நேரத்தில் கைபேசி அம்மாவிடம் இருக்கும். மாலையில், முகம் தெரிந்தவர்களோடு மட்டும் பேசலாம். இதற்குச் சுகந்தியும் ஒப்புக்கொண்டாள். முதலில் கை வெறுமையாக இருக்கிறதென்று விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பயிற்சிக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி. நஸ்ரீன் அவளைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினாள். சுகந்தி தன் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியின் கீழ்விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது எழுதுகிறார்களா என்று தேடுகிற பார்வை.

“கீழ ஒண்ணும் வராதும்மா, மேல பாரு. யாரு நிக்கறது?” என்றாள் நஸ்ரீன்.

சுகந்தி கீழ்விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. பல நாள் கழித்து, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, “நான்தான்” என்றாள். அன்று இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். விடுப்பை நீட்டித்து, வாக்கரோடு அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

நான் ஜெர்மனிக்குத் திரும்பிய காலை, வழியனுப்ப ரோடுவரை நடந்தே வந்தாள். என் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சென்னை போகும் கார் நின்றிருந்தது. அந்நேரம் அவளுடைய ஷூ கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏற வந்த பெண்கள் சுகந்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி மட்டும் கிட்டே வந்து, வாக்கரைப் பிடித்திருந்த அவள் கையை மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.

“சூடா இருக்குடி” என்றாள் மற்றவர்களிடம். பிறகு சுகந்தியிடம், “நீ பூட்டேன்னு சொன்னாங்களே?”

“நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்” என்றாள் சுகந்தி. கார்க் கதவைப் பிடித்தபடி நின்ற என்னைக் கை காட்டினாள். “போய்ட்டது எங்க அக்காதான்.”

அந்தப் பெண் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். என்னைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு.