பதினோரு மாதமாக இறங்காத காற்று

ஆளை எடை போடுவதில் அண்ணி கில்லாடி. எங்கள் ஸ்கூபா சாமான் கடைக்குள் நுழைகிறவரை ஏற இறங்கப் பார்த்தே, இவர் பெரிய விங்தான் கேட்பார் என்று என்னிடம் கண்ணைக் காட்டிவிடுவாள். விங் என்பது முதுகில் சிலிண்டரோடு மாட்டிக்கொள்ளும் காற்றுப்பை. காற்றை ஏற்றினால் மிதக்கலாம், இறக்கினால் அமிழலாம்.

"இருபது கிலோ தூக்கறது குடுங்க."

"எதுக்குங்க? வீட்டு பீரோவையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

பிறகு மெல்லிய டைவிங் உடைக்கு இவ்வளவு, ஒற்றைச் சிலிண்டருக்கு இவ்வளவு என்று விரல் விட்டு எண்ணி, பத்து கிலோ விங்கைக் கையில் திணித்து அனுப்புவாள். பெரிய விங் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. காரணம் என் அண்ணன்.

அண்ணனுடைய சின்ன விங்கில் எங்கோ காற்று கசிகிறது என்று அவருக்குச் சந்தேகம். ஒரு மாலை அதை வாயாலேயே முட்ட ஊதி, காலைவரை நிற்கிறதா பார்க்கலாம் என்று பின்னறைக் கொக்கியில் மாட்டினார். மறுநாள் இரவல் வாங்கிய பெரிய விங்கோடு கடலில் இறங்கினார். ஆழத்தில் காற்றேற்றும் பொத்தான் சிக்கிக்கொண்டது. அந்தப் பெரிய பை அவரை ஒரே வீச்சில் மேலே தள்ளிவிட்டது. நுரையீரல் தாங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்த அன்று அண்ணி பின்னறைக்குப் போய் விங்கைத் தடவினாள். "இன்னும் கெட்டியா இருக்கு. அவர் மூச்சு" என்றாள். அதன் பிறகு பதினோரு மாதம், தினமும் தடவினாள். பை சுருங்கவே இல்லை. எந்தப் பையும் நாலு நாளில் கொஞ்சமாவது தளரும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் தடவிப் பார்ப்பதை விடவில்லை. அந்த அறைப் பக்கம் போகிற வாடிக்கையாளர்கள்கூட ஏனோ குரலைத் தாழ்த்தினார்கள்.

போன வாரம் அதைக் கொக்கியிலிருந்து கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை நான் கடல்ல எறங்கறேன். இதோடதான். துளி காத்து போகல பாரு, இதைவிட நம்பிக்கையா எது இருக்கு?"

இனியும் மூடி மறைத்தால் இன்னொரு சாவு.

"அண்ணி, அது ஓட்டைப் பை. தினம் நீங்க வர்றதுக்கு முன்னாடி நான்தான் ஊதி வைக்கறேன். சுருங்கிக் கெடந்தா உங்க முகத்தைப் பாக்க முடியாதுன்னு..."

அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் பையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். பையின் ஒட்டிய ஓரத்தில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

"சரி" என்றாள், குமிழிகளைப் பார்த்தபடியே. "மஞ்சக்காமாலைன்னு பத்து நாள் ஆஸ்பத்திரியில கெடந்தியே. அப்ப யாரு ஊதுனது?"

"அப்ப... நீங்களா?"

"நான் இல்ல தம்பி. ரெண்டு சாவியும் என்கிட்டதான் இருந்துச்சு. பத்து நாளும் தொட்டுப் பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

அண்ணி முகத்தைக் கிட்டே கொண்டுபோய் வால்வுக் கயிற்றை இழுத்தாள். உஸ்ஸென்று காற்று வந்தது. கிராம்பு வாசனை. அண்ணன் வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு கிடக்கும். எனக்கு அந்த நெடியே ஆகாது.

அவள் சட்டென்று கயிற்றை விட்டாள். அலமாரியிலிருந்து புதிய சின்ன விங் ஒன்றை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக வைத்தாள். பழையதை ஈரம் போகத் துடைத்து மறுபடி கொக்கியில் மாட்டினாள்.

"தம்பி, இனிமே நீ ஊதக் கூடாது" என்றாள்.