சூரைக்குப் பங்காளி

அறுபதுகளின் கடைசியில் விலங்கியல் பட்டத்தோடு மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி, இந்தத் தீவில் லம்பா லைன் குடியிருப்பிலிருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். தலை கொஞ்சம் கனத்திருந்த காலம்.

அக்கா அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டது. இது தங்க வேண்டுமென்று, தவக்காலம் நாற்பது நாளும் கறியை விலக்கி, மீன் மட்டும் சேர்க்கும் சுத்தபோசனம் இருப்பதாக மாதாவிடம் நேர்ந்திருந்தாள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் கறியை விடுவார்கள். இவளுக்கு அது போதவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா நாக்கைப் பார்த்துவிட்டு, ரத்தமே இல்லை, ஈரல் சாப்பிடு என்றார். ஈரல் கறி ஆயிற்றே. அவளுக்கு மிஞ்சியது மீன்தான். அதையும் நான் கெடுத்தேன்.

அத்தான் பிடித்து வந்த சூரை மீனை அன்று அக்கா அரிந்துகொண்டிருந்தாள். முதுகெலும்பை ஒட்டிய கறுப்புச் சதையை வழக்கம்போலப் பூனைக்குத் தள்ளினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தச் சதையின் கருஞ்சிவப்பும் நம் ரத்தத்தின் சிவப்பும் ஒரே புரதக் குடும்பம், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் ஒன்றாக இருந்து பிரதியாகிப் பிரதியாகிப் பிரிந்தவை, மீனும் மாடும் நாமும் பங்காளிகள் என்று அளந்தேன்.

மத்தியானம் அக்கா மீன்குழம்பை நகர்த்தி வைத்தாள்.

"மாடும் மீனும் ஒரே ரத்தம்னா இதுவும் கறிதானட்டி? மாதாவ ஏமாத்தச் சொல்றியா?"

நுணலும் தன் வாயால் கெடும். கல்லூரியில் தவளை அறுத்தவளுக்கும் அதே கதி.

பத்து நாள் வெறும் ரசமும் சோறும். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். நான் போய்ச் சாமியாரைக் கூட்டி வந்தேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு இந்தக் கட்டுப்பாடே கிடையாது என்றார் அவர்.

"சட்டம் இல்ல, டீக் ஹை, சரிதான் சாமி. ஆனா இது நான் குடுத்த வாக்குல்லா" என்றாள்.

எனக்கு அவள்மேல் கோபம், என்மேல் அதைவிட. இந்தப் பிள்ளையும் போய்விட்டால் என்ற பயத்தில் எனக்கும் சோறு இறங்கவில்லை.

கடைசியில், விட்டுவைத்த பாதிப் பாடத்தையும் சொன்னேன்.

"அக்கா, அந்தப் புரதக் குடும்பத்துல ஒண்ணு வயித்துப் பிள்ளைக்குன்னே தனியாப் பிரிஞ்சிருக்கு. அம்மா ரத்தத்துல உள்ள காத்த அது இறுக்கிப் புடிச்சு வாங்கிக்கிடும்."

"என்கிட்டயே கொஞ்சமா இருந்தா?"

"அப்பவும் கேக்கும். நீதான் இல்லன்னு சொல்லணும். ஈரல்ல உள்ள இரும்பு இந்தக் கறுப்புச் சதையிலயும் இருக்குக்கா."

அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மீன் கூடையோடு வந்த அத்தானிடம் சொன்னாள்.

"அரே, அந்தக் கறுப்புத் துண்ட பூனைக்கிப் போடாதீங்க. மாதாவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். இதுக்கு என்னத்தச் சொல்ல?"

அன்றிலிருந்து பூனைக்கு என்னைக் கண்டால் ஆகாது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு பிள்ளை பிறந்தது. பெண். நான் நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டே அதிர அழுதுகொண்டிருந்தவளை அக்கா என் கையில் வைத்தாள். உள்ளங்கால் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"இந்தாட்டி, சூரைக்குப் பங்காளி வந்துட்டா" என்றாள்.