பெங்களூர் என்று எழுதியிருந்தேன்

எந்த ஊர் என்று இணையத்தில் யாராவது கேட்டால், ஓசூர்க்காரர்கள் அந்த நாளில் பெங்களூர் என்றுதான் எழுதுவோம். ஓசூர் என்றால் உடனே அது எங்கே என்பார்கள்; பதில் சொல்லி மாளாது. கால்பந்து ரசிகர்களின் இணையக் குழுவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஷிஃப்ட் முடிந்ததும் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவேன். நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு கேரள அணிக்காக, முகம் தெரியாதவர்களோடு மல்லுக்கு நிற்பேன். டி.வி.யில் காட்டாத மேட்ச் என்றால் ரெஃப்ரெஷ் அழுத்தி அழுத்தி ஸ்கோர் பார்ப்பேன்.

அந்த அணி பெங்களூரில் ஆட வந்தது. குழுவில் பழக்கமான பாலக்காட்டுக்காரர் ஒருவரிடம், வாருங்கள், நான் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் டீக்கடையைப் பூட்டிவிட்டு, இரண்டு நண்பர்களோடும் லுங்கியில் சுற்றிய ஒரு செண்டை மேளத்தோடும் ஓசூரில் வந்து இறங்கினார்.

"நம்மூரு கிரவுண்டுல ஆயிரம் பேர் கத்துவான். வெளியூர்ல பசங்க தனியா ஆடறப்ப நம்ம செண்டை ஒண்ணாவது கேக்கணும் தம்பி," என்றார். பிறகு பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெங்களூர்னு எழுதியிருந்தியே?" என்றார்.

"பார்டர் தாண்டினா பெங்களூர்தாண்ணா," என்று சமாளித்தேன்.

பஸ் பார்டருக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியோடு நின்றுவிட்டது. காவிரித் தண்ணீருக்காக அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் திடீர் மறியல். இப்படி நடக்கும்போது எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பார்டரை நடந்து கடப்பார்கள். அந்தப் பக்கம் போய் வேறு பஸ் பிடிப்பார்கள். நாங்களும் நடந்தோம். அன்றைக்கு நடந்து போகிறவர்களையும் விடவில்லை. தடுப்பு போட்டிருந்த போலீஸ்காரரிடம் எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கெஞ்சினேன். அவர் செண்டையை ஒரு பார்வை பார்த்தார். "கலாட்டா பண்ண வந்தீங்களா? சாயங்காலமா வாங்க," என்று தமிழிலேயே விரட்டினார். மேட்சே சாயங்காலம்தான்.

காலை ரயில் போய்விட்டிருந்தது. பாகலூர் பக்கமாகச் சுற்றிப் போகலாமா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "தமிழ்நாட்டு நம்பருங்ணா. கண்ணாடி போச்சுன்னா நீங்களா போட்டுத் தருவீங்க?" என்றார். யார்மேல் கோபப்படுவது? தண்ணீர் கேட்கிறவர்கள் மேலா, கொடுக்காதவர்கள் மேலா? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம்.

கடைசியில் அவர்களை எங்கே கூட்டிப்போனேன் தெரியுமா? பிரவுசிங் சென்டருக்கு. என் நாற்காலிக்குப் பின்னால் மூவரும் நின்றார்கள். நான் ரெஃப்ரெஷ் அழுத்தினேன். பூஜ்யம், பூஜ்யம். "எப்பவும் இப்படித்தான் பாப்பியா?" என்று கேட்டார் அண்ணன். தலையாட்டினேன். முடிகிற நேரத்தில் பெங்களூர் அணிக்கு ஒரு கோல் ஏறியது. எப்படி விழுந்தது, யார் விட்டது, எதுவும் தெரியாது. வெறும் ஒன்று.

பணம் கொடுக்க எழுந்தபோது பார்த்தால், மைதானத்துக்குப் போயிருந்த யாரோ குழுவில் எழுதியிருந்தார். நம் பக்கம் கத்த ஒரு ஆள் இல்லை, பசங்க பாவம், பெங்களூர்க்காரர் எங்கே போனார் என்று.

நால்வருமே படித்தோம். அண்ணன் செண்டையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எழுது தம்பி," என்றார். "பார்டர் வரைக்கும் வந்தோம்னு எழுது."

பார்டர் வரைக்கும் என்று அடித்தேன். பெங்களூர்க்காரனுக்கு ஏது பார்டர்? அதற்குமேல் விரல் ஓடவில்லை.