தர்கேலியா அண்ணி கழற்றிய சர்க்கரைப் புட்டிகள்

என் அண்ணி தர்கேலியாவுக்குப் பிடிவாதம் பிறவிக் குணம். தினமும் விடியலில் பால்கேன்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு, பிச்சிஞ்சா மலைச்சரிவின் மேகக்காடு வழியாக இறங்குவாள். அந்தக் காட்டை வெட்டித்தான் எங்கள் ஊருக்கு ரோடு போட இருந்தார்கள். என் உருளைக்கிழங்கு சந்தைக்குப் போக அதைவிட்டால் வேறு வழியில்லை.

குறுக்கே நின்றது பூத்தேன் குடிக்கும் கட்டைவிரல் அளவு ரீங்காரச்சிட்டு ஒன்று. மார்பு கறுப்பு, காலில் வெள்ளைப் பஞ்சு. அருகிப்போன அந்தச் சிட்டு இங்கே இருந்தால் ரோடு கிடையாது. இருக்கிறது, பார்த்தேன் என்றாள் அண்ணி. கணக்கெடுக்க வந்த பறவை நிபுணர் வாஸ்கோனெஸ், சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டிகளைக் கிளைகளில் தொங்கவிட்டு நான்கு நாள் காத்திருந்தார். வந்ததெல்லாம் பெரிய பச்சைச் சிட்டுகள்தான்.

"பச்சைக்கும் கால்ல பஞ்சு உண்டும்மா. அதைத்தான் பாத்திருப்பீங்க. 'இல்லை'ன்னு எழுதிடுறேன், நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"போட மாட்டேன்."

"அண்ணி, ஊர் வாயில மண்ணைப் போடாதீங்க," என்றேன்.

"உன் கிழங்குக்காக நான் பொய் சொல்லணுமாக்கும்? போடா!"

ஐந்தாம் நாள் காலை, அத்தனை புட்டிகளையும் கழற்றிச் சர்க்கரைத் தண்ணீரைப் பன்றிக்கு ஊற்றிவிட்டாள். நிபுணர் குதித்தார்.

"பந்தியில ரவுடிங்கள உக்கார வச்சுட்டு, சாது ஏன் சாப்பிட வரலைன்னு கேக்குறீங்களே சார்! அந்தப் பெரிசுங்க சின்னதைத் துரத்தியடிக்குது. சத்தம் போடாம நில்லுங்க."

நின்றோம். அது வந்துவிடக் கூடாதே என்று நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்தது. பச்சையைப் போல அந்தரத்தில் நிற்காமல், செம்பூவின் இதழைக் காலால் பற்றிக்கொண்டு குடித்தது. கறுத்த மார்பு, கீழே இரண்டு உருண்டை வெள்ளைப் பஞ்சு. நிபுணரின் கேமராக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. படத்தில் வெறும் புகை.

"படம் விழலையேம்மா," என்று இழுத்தார்.

"கண்ணு ரெண்டும் இருக்குல்ல? பாத்தீங்களா, இல்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். ரோட்டுக்காக அலைந்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியும். இல்லையென்று நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை.

"பாத்தோம் சார், எழுதுங்க," என்றேன்.

ரோடு வேறு ஊருக்குப் போய்விட்டது. மூட்டையோடு சேற்றில் சறுக்கும்போதெல்லாம் அண்ணியைத் திட்டுகிறேன், அவள் முகத்துக்கு நேராகவே. ஆனால் அவள் பார்த்தது பச்சைச் சிட்டு என்று எவனாவது சொல்லட்டும், அவன் பல் அவன் வாயில் இருக்காது.